காப்பு அவிழும் வரை

குமரேசா, நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு ஆகட்டும். சொல்லவேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்காக நீ இறங்கி வரவேண்டாம். வந்தால் வாசலிலேயே உட்காரவைத்துச் சோறு போட்டு, வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவேன். நான் அப்படிச் செய்யக்கூடியவள்தான் என்பது உனக்குத் தெரியும். நீ ஏழாம் வகுப்புப் படிக்கும்போது ஒருதரம் செய்தும் காட்டியிருக்கிறேன்.

இதை ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நீ பேசும்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அப்போது என் தோளுக்குப் பின்னால் பாதி ஊர் நிற்கிறது. உன் பெரியம்மா உன் முகத்தைக் கண்டதும் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிடுகிறாள். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "தம்பி, அங்கிட்டு மழை உண்டா?" என்று கேட்கிறார். நீயும் சிரித்துக்கொண்டு அவருக்குப் பதில் சொல்கிறாய். போன வாரம் அந்த இரைச்சலுக்கு நடுவில்தான் சொன்னாய், "நீ வான்னு ஒரு வார்த்தை சொன்னா இறங்கிர்றேம்மா" என்று. நான் வாயைத் திறப்பதற்குள் படம் போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன். விண்வெளி மையத்திலிருந்து வாராவாரம் போன் செய்கிற அந்தப் பெண், இதைப் படம்பிடித்து உனக்கு அனுப்பிவைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். ஒரு நகலைப் பத்திரிகைக்கும் கொடுக்கப்போகிறேன். நான் அழுகிற மாதிரி ஒரு படம் வேண்டுமென்று இரண்டு பேர் கேமராவோடு வத்தலக்குண்டிலிருந்து மலையேறி வந்தார்கள். நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணீர் வரும் என்று எதிரில் உட்கார்ந்து வெகுநேரம் காத்திருந்தார்கள். பூண்டுக்கும் வெங்காயத்துக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளைகள், என்ன செய்வது. அவர்கள் கேட்ட படத்துக்குப் பதிலாக இந்தக் கடிதம் இருக்கட்டும். நம் ஊரும் இதைப் படிக்கட்டும்.

மற்றவர்களும் படிக்கப்போவதால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் எழுதவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். நம் நாடு முதல்முதலாகக் கட்டிய விண்வெளி நிலையத்தில் மூன்று பேரில் ஒருவனாக நீ இருக்கிறாய். நிலையம் என்றால் பெரிதாக நினைக்கவேண்டாம். நம் வீட்டுக் கூடத்தையும் அடுப்படியையும் சேர்த்தால் அதைவிடப் பெரிது என்று நீதான் சொன்னாய். தையிலேயே உங்களுக்குப் பதிலாள் வந்து, நீங்கள் இறங்கியிருக்கவேண்டும். அவர்களை ஏற்றிவருகிற வண்டி சோதனையில் தேறவில்லை, இப்போது மழைக்காலம் வரைக்கும் ஆகலாம் என்கிறார்கள். நிலையத்தைக் குளிர்ச்சியாக வைத்திருக்கிற குழாய் ஒன்றில் கசிவு இருக்கிறது. ஆள் இருந்து கவனித்தால் தாங்கும், விட்டுவிட்டு வந்தால் அடுத்து வருகிறவர்களுக்கு நிலையமே இருக்காது. நீங்கள் திரும்பிவருவதற்கு அங்கே ஒரே வண்டிதான் கட்டியிருக்கிறது. ஒருவர் இறங்குகிறேன் என்றால் மூவரும் இறங்கவேண்டும். இருக்கிறீர்களா, வருகிறீர்களா என்று உங்களைத்தான் கேட்டிருக்கிறார்கள். மற்ற இரண்டு பேரும் இருக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். நீ மட்டும் அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறாய். முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஆகிறது உனக்கு.

நீ ஏன் தயங்குகிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இங்கே நடக்கிற கூத்தையெல்லாம் யாரோ உனக்கு எழுதியிருக்கிறார்கள். யாரென்றும் தெரியும், அவனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நம் ஊர் வழக்கம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. பூம்பாறையிலிருந்து இன்னும் மேலே ஏறவேண்டிய சின்ன ஊர் நம்முடையது. அம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், தேர் நிலைக்கு வந்து சேரும்வரை ஊர்க்காரர் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. முதல் காப்பு கட்டிக்கொள்கிறவருக்கு இன்னும் கெடுபிடி. அவர் எல்லைக்கல்லைத் தாண்டி ஒரு அடிகூட வைக்கக் கூடாது. விழா முடிந்ததும் அம்மன் முன்னால் நின்று மஞ்சள்நீர் ஊற்றித்தான் அந்த நூலை அவிழ்க்கவேண்டும். முதல் காப்பு நம் வீட்டு உரிமை. உன் அப்பா இருந்தவரை அவர் கையில் ஏறியது. அவர் போனபிறகு அவர் அண்ணன், உன் பெரியப்பா கையில்.

போன சித்திரையில் நீ மேலே போவதற்கு முன்னால் கடைசியாக ஊருக்கு வந்தாயே, அப்போது ஊருக்குத் தலைகால் புரியவில்லை. காப்புக் கட்டுக்குக் கையை நீட்டிய உன் பெரியப்பா, சட்டென்று திரும்பி உன் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். "இந்த வருசம் என் தம்பி மகன் கையில ஏறட்டும். அம்புட்டு ஒசரம் போறவனுக்கு ஆத்தா துணை வேணும்ல" என்றார். கொட்டுக்காரர்கள் விளாசித் தள்ளினார்கள். பெண்கள் குலவை போட்டோம். பூசாரி கண்கலங்கிக்கொண்டே கட்டினார். துணைக்குக் கட்டுகிறோம் என்ற நினைப்புத்தான் எல்லாருக்கும். அது ஆளை ஊருக்குள்ளேயே கட்டிப்போடுகிற நூல் என்று அங்கே நின்ற ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கும்தான் வரவில்லை. எல்லாரையும்விடச் சத்தமாகக் குலவை போட்டவள் நான்.

மறுநாள் வெள்ளனே உன்னைக் கூட்டிப்போக ஜீப் வந்தது. ஊரே பின்னால் நடந்து வந்தது. ஜீப்பின் முன்சக்கரம் எல்லைக்கல்லைத் தாண்டியபிறகுதான் பூசாரிக்கு உறைத்தது. "ஏலே, வண்டிய நிப்பாட்டுங்கடா. காப்போட எங்கிட்டுப் போறான் அவன்?" என்று ஓடிவந்தார். நீ இறங்கினாய். கையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். பெரியப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. போகவேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, போ என்று சொல்லவும் வரவில்லை. நான்தான் உன்னை உள்ளே தள்ளி ஜீப் கதவைச் சாத்தினேன். "நீ போ. இங்க ஆகவேண்டியத நான் பாத்துக்கிறேன்" என்றேன். சொன்ன சொல்லை நான் மறக்கவில்லை. நீதான் மறந்துவிட்டாய் போலிருக்கிறது.

அதன்பிறகு இந்த ஊரில் நடந்த நல்லது எதற்கும் நீ காரணமில்லை, கெட்டது எல்லாவற்றுக்கும் நீதான் காரணம். ஆலங்கட்டி மழையில் பூண்டுத்தாள் ஒடிந்தது உன்னால். காட்டுமாடு இறங்கி கேரட்டை மிதித்தது உன்னால். கொடைக்கானல் பஸ் செண்பகனூர் தாண்டி நின்றுபோனதும் உன்னால்தான், அதற்கு முந்தின வருடம் அது நிற்காமல் ஓடிய மாதிரி. நான் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். உங்களுக்குப் பதிலாள் வருகிற வண்டி தள்ளிப்போகிறது என்று செய்தி வந்த அன்றைக்குத்தான் சிரிப்பு நின்றது. "கட்டு அவுராம எப்பிடித் தாயி வருவான்? ஆத்தா விடமாட்டா" என்று ஒருத்தி என் அடுப்படிக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாள். பயந்துபோனேன், குமரேசா. அதை மறைக்க விரும்பவில்லை. பயப்படாத மாதிரி நடிக்கிற அளவுக்கு நான் கெட்டிக்காரி இல்லை. ஆனால் பயம் வந்தது என்பதற்காகப் பயம் சொல்கிறபடி நடக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இந்தச் சித்திரையும் வந்தது. பழைய காப்பு அவிழாமல் புதுக்காப்புக் கட்டமுடியாது. கட்டாமல் தேர் இல்லை. கோயில் முன்னால் ஊர் கூடி என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். போனேன். உன் பெரியப்பா என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். முதல் காப்புக்காரர் விழா நடுவில் இறந்துபோனால் செய்கிற ஒரு முறை இருக்கிறது. பெற்றவளோ பெண்டாட்டியோ ஒரு மஞ்சள் கிழங்கில் நூலைச் சுற்றி, அவர் பேரைச் சொல்லி அவிழ்த்து ஓடையில் விடுவாள். அதைச் செய்துவிடு என்கிறார்கள். "பேருக்குத்தான் தாயி. ஒரு சடங்கு. அவன் நல்லா இருப்பான். ஊர்ச் சோலி நிண்டு கெடக்குல்ல?" என்றார்.

"செத்தவனுக்குச் செய்யிறத உசுரோட இருக்கிற எம்புள்ளைக்கு நான் செய்யணுமா? நீங்க எழவு சொல்லி அனுப்ப, நான் மஞ்சக்கெழங்க ஓடையில விடணுமா மாமா?" என்று கேட்டேன். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. உன்னை முன்னால் இழுத்துவிட்ட கை தன்னுடைய கை என்று ஒரு வருடமாகச் சரியாகச் சாப்பிடாமல் கிடக்கிறார். ஆனால் அந்தப் பாரத்தை இறக்கிவைக்க என் பிள்ளையைச் செத்தவனாக்க நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். தேர் நிற்கட்டும். ஒரு வருடம் நின்றால் சக்கரம் ஒன்றும் உளுத்துப்போகாது. இதையும் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே.

பூசாரி பாவம், இளகின மனது. நடுவில் வந்து ஒரு சமாதானம் சொன்னார். "சாயங்காலம் சாயங்காலம் நம்ம ஊருக்கு மேலதான அந்த வெளிச்சம் போகுது? நம்மளே பாக்குறம்ல? அப்ப அவன் எல்லைக்குள்ளதான இருக்கான். தாண்டுனதாவே கணக்கில்ல" என்றார். நாலைந்து தலைகள் ஆடின. இத்தோடு முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். எனக்கு மனது வரவில்லை. நீ தாண்டித்தான் போனாய். கடலைத் தாண்டி, காற்றைத் தாண்டிப் போயிருக்கிறாய். அதற்காகத்தான் அத்தனை வருடம் படித்தாய், சுற்றுகிற நாற்காலியில் வாந்தியெடுத்தாய், கட்டிக்கொள்ளக் கேட்ட பெண்ணையும் காத்திருக்க வைத்திருக்கிறாய். என் மகன் ஒன்றுமே தாண்டவில்லை, ஊருக்குள்ளேதான் சுற்றிக்கொண்டிருக்கிறான் என்று சொல்லித்தான் அவனுக்கு மன்னிப்பு வாங்கவேண்டுமென்றால், அந்த மன்னிப்பு எனக்கு வேண்டாம். "தாண்டுனான் பூசாரியய்யா. நான்தான் தாண்டச் சொன்னேன். கதவைச் சாத்துனது இந்தக் கைதான்" என்றேன்.

சொல்லிவிட்டு அந்தக் கையையே நீட்டினேன். "கட்டு எங்க வீட்டுக் கட்டு. அவன் வாறவரைக்கும் அத நான் சுமக்கிறேன். எனக்குக் கட்டுங்க. அவன் வந்து ஆத்தா முன்னால நிண்டு அவுக்கிற அன்னைக்கு என்னுதையும் சேத்து அவுப்போம். தேர இழுங்க" என்றேன். பூசாரி நூலைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். "பொம்பள கையில மொதக்காப்புக் கட்டுற வழக்கம் இல்லையே தாயி" என்றார். "வானத்துல போயி வருசக்கணக்கா இருக்கிற வழக்கம் மட்டும் இருந்துச்சாங்க?" என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. நீட்டிய கை வலிக்க ஆரம்பித்துவிட்டது. மடக்கினால் தோற்றுப்போவேன் என்று தெரியும், அதனால் மடக்கவில்லை. கடைசியில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது யார் தெரியுமா? உன் பெரியம்மா. வீடியோவில் மூக்கை உறிஞ்சுவாளே, அவளேதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து புருசன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசியறியாதவள், பூசாரி கையிலிருந்து நூலை வாங்கி என் மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டாள். பல்லால் கடித்து நுனியை அறுத்தாள். "இப்ப கொட்டச் சொல்லுங்க" என்றாள் புருசனைப் பார்த்து. பெரியப்பா கொட்டுக்காரர்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தேர் ஓடியது. நிலைக்கும் வந்தது. எல்லாரும் அவிழ்த்துவிட்டார்கள், நான் மட்டும் அவிழ்க்கவில்லை. எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நம் பூண்டுக்காட்டை இப்போது பெரியப்பாதான் பார்த்துக்கொள்கிறார். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. காலையில் மண்வெட்டியோடு போகிறார், வருகிறார்.

ஏழாம் வகுப்புக் கதைக்கு வருகிறேன். கொடைக்கானலில் ஹாஸ்டலில் விட்ட முதல் வாரமே நீ சுவரேறிக் குதித்து, பஸ் பிடித்து வந்துவிட்டாய். வாசலில் உன்னைப் பார்த்ததும் எனக்கு உயிரே வந்தது. அள்ளிக்கொள்ளத்தான் கை போனது. ஆனால் நீ ஒரு காலை நிலைப்படிக்குள் வைத்துவிட்டால் மறுபடி உன்னை வெளியே அனுப்ப எனக்குத் தெம்பு இருக்காது என்று நினைத்தேன். வாசலிலேயே உட்காரவைத்துத் தயிர்ச்சோறு பிசைந்து கொடுத்தேன். நீ தின்றுமுடித்ததும் அதே பஸ்ஸில் உன்னைக் கூட்டிக்கொண்டு போய் விட்டேன். கல்நெஞ்சுக்காரி என்று உன் அப்பா முதல் எல்லாரும் சொன்னார்கள். அது தப்பு, பிள்ளை மனதை நோகடித்துவிட்டேன் என்று வயதான காலத்தில் நான் எழுதுவேன் என்று யாராவது எதிர்பார்த்தால் ஏமாந்துபோவார்கள். இன்றைக்கும் அதையே செய்வேன். திரும்பி வருகிற பஸ்ஸில் பூம்பாறை வரைக்கும் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதேன் என்பது வேறு விஷயம். அதை உனக்கு இதுவரை சொன்னதில்லை. அழுவதும் அனுப்புவதும் ஒரே ஆள் செய்யக்கூடிய காரியங்கள்தான். ஒன்று செய்தால் மற்றது செய்யக்கூடாது என்று இல்லை.

உனக்குச் சொல்ல என்னிடம் இருக்கிற புத்தி இவ்வளவுதான். அங்கே உன்னோடு இருக்கிற இரண்டு பேரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். அவர்கள் வீட்டிலும் இதே மாதிரி ஒருத்தி உட்கார்ந்து நாளை எண்ணிக்கொண்டிருப்பாள். அவர்கள் இருக்கிறோம் என்று சொல்லியிருக்கும்போது, அம்மாவைச் சாக்குச் சொல்லி நீ இறங்கக் கூடாது. உனக்கே முடியவில்லை, உடம்போ மனதோ தாங்கவில்லை என்றால் அது வேறு. அப்போது இறங்கு, ஒரு கேள்வி கேட்கமாட்டேன், ஊரையும் கேட்கவிடமாட்டேன். ஆனால் அதை உன் பேரில் சொல். என் பேரில் சொல்லாதே. யாருடைய காலுக்கும் விலங்காக இருப்பதற்காக நான் பிள்ளை பெறவில்லை. அப்புறம், அனுப்பிவைத்த பூண்டு ஊறுகாயை ஒருவேளைக்கு ஒரு பல்லுக்கு மேல் தொடாதே. வாசனை போக இடமில்லாமல் அங்கேயே சுற்றுகிறது என்று அந்த இரண்டு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு புலம்பியதை வீடியோவில் நானே கேட்டேன். கூட இருக்கிறவர்களை அனுசரித்துப் போ.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் எழுதி நீ தெரிந்துகொள்வதைவிட நானே சொல்வது நல்லது. என் கண்ணில் புரை முற்றிவிட்டது. முகத்துக்குக் கிட்டே பிடித்தால் எழுத்துத் தெரிகிறது, எட்ட இருப்பது எதுவும் துலங்குவதில்லை. மதுரைக்குப் போய் அறுத்துக்கொள்ள வேண்டும். எல்லைக்கல்லைத் தாண்டமுடியாது என்பதால் அதுவும் நீ வந்தபிறகுதான். இதைப் படித்ததும் நீ குதிக்கக்கூடாது. டாக்டரைப் போனில் கேட்டேன், சில மாதம் தள்ளினால் குடி முழுகாது என்றார். சாயங்காலம் நீ எங்களுக்கு மேலே போகிற நேரம் தெரிந்தால் ஊர்ப்பிள்ளைகள் என்னை வெளியே இழுத்துக்கொண்டு வருவார்கள். "அந்தா போறாரு, அந்தா" என்று கையைக் காட்டுவார்கள். நானும் தலையை நிமிர்த்தி, "ஆமா, பாத்துட்டேன், வெரசாப் போறான்" என்பேன். குமரேசா, நான் ஒருநாளும் பார்த்ததில்லை. இத்தனை மாதத்தில் ஒருதரம்கூட அந்த வெளிச்சம் என் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. எனக்கு அது கோபமாகத்தான் இருக்கிறது. பெற்றவள் தவிர ஊரில் எல்லாருக்கும் தெரிகிறாய். ஆனாலும் தினமும் வெளியே வந்து நிற்கிறேன், எந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்களோ அந்தப் பக்கம் பார்க்கிறேன். நீ அங்கே இருக்கிறாய் என்று தெரிந்துகொள்ள நான் பார்த்துத்தான் ஆகவேண்டும் என்றில்லை.

ஆகவே நாளைக்கே அவர்களைக் கூப்பிட்டு, இருக்கிறேன் என்று சொல்லிவிடு. கசிகிற குழாயைக் கவனி. கையில் இருக்கிற நூலை, மேலே போவதற்கு முன்னால் டாக்டர்கள் கழற்றச் சொன்னபோது மல்லுக்கட்டி, மருந்தில் நனைத்துக் கட்டிக்கொண்டாய் அல்லவா, அதை அங்கே அவிழ்க்காதே. போன வாரம் வீடியோவில் அதன் நுனி உன் மணிக்கட்டுக்கு மேலே மிதந்துகொண்டிருந்தது என்று பெரியம்மா சொன்னாள். மஞ்சள் போய் வெள்ளையாகிவிட்டதாம். என்னுடையது அடுப்புக்கரியில் கறுத்துவிட்டது.

நீ வருகிற நாளில் விமான நிலையத்தில் மாலையோடு நிற்கிற கூட்டத்தில் என்னைத் தேடாதே. நான் இருக்கமாட்டேன். வண்டி அனுப்புகிறோம், மேடையில் நாற்காலி போடுகிறோம் என்று மையத்திலிருந்து சொன்னார்கள், வரமுடியாது என்று சொல்லிவிட்டேன். நான் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் நிற்பேன். அத்தனை நாள் மிதந்துவிட்டு வந்தால் கால் தரையில் நிற்காது, இரண்டு பேர் தாங்கவேண்டும் என்கிறார்கள். பரவாயில்லை, தாங்கச் சொல்லி வா. ஜீப்பிலிருந்து இறங்குகிறவர்களில் எது என் பிள்ளை என்று எனக்குத் தெரியாமல் போகலாம். நீயே கிட்டே வந்து உன் கையை என் கையில் கொடு. நூலைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

அம்மா